நான்கு முழம் பூவும் நூறு ரூபாயும்

பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மாலை நேரத்தில் நடைபெறும் வயது வந்தோருக்கான எழுத்தறிவு மையத்தில் தன்னார்வலராகக் கற்பித்து வருகிறேன். முப்பது ஆண்டுகள் கணித ஆசிரியராக இருந்தவன் என்பதால், எண்ணறிவுப் பாடம் எளிதாகவே இருக்கும் என்று நினைத்தேன். முதல் மாதத்திலேயே அந்த நினைப்பு கலைந்தது.

'ஒரு முழம் மல்லிகைப் பூவின் விலை ரூ. 25 எனில், 4 முழம் பூவின் விலை யாது?' என்று கரும்பலகையில் எழுதினேன். பேருந்து நிலைய வாசலில் பூக்கட்டி விற்கும் பெண்மணி ஒருவர் 'தொண்ணூறு' என்றார். நான் நான்காம் வாய்ப்பாட்டை மீண்டும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டார்: "நாலு முழம் சேர்த்து வாங்குறவங்ககிட்ட நூறு கேட்டா, மறுநாள் நம்மகிட்ட வருவாங்களா சார்?"

அவருக்குப் பெருக்கத் தெரியாமல் இல்லை. மனத்துக்குள் பெருக்கி, நூறு என்று கண்டு, வாடிக்கையாளருக்காகப் பத்து ரூபாயைக் குறைத்து, அதன் பிறகே விடை சொல்லியிருக்கிறார். என்னைவிட ஒரு படி கூடுதலாகவே கணக்குப் போட்டிருக்கிறார். ஆனால், தேர்வுத்தாளில் அந்த விடைக்கு மதிப்பெண் கிடையாது.

மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம், 2022 தொடங்கி 2027 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் 15 வயதைக் கடந்த 5 கோடிப் பேரை எட்டுவதை இலக்காகக் கொண்டது, ஒதுக்கீடு ரூ. 1,037.90 கோடி. 'உல்லாஸ்' என்ற பெயரில் அறியப்படும் இத்திட்டத்தின் தேர்வு 150 மதிப்பெண்களுக்கு நடத்தப்படுகிறது. வாசித்தல், எழுதுதல், எண்ணறிவு ஆகிய மூன்றுக்கும் தலா 50. எண்ணறிவுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்திருப்பது பாராட்டத்தக்கது. ஆனால், எங்கள் மையத்தில் பலரும் தடுமாறுவது கூட்டலிலோ கழித்தலிலோ இல்லை. அவற்றைச் சுமந்து வரும் சொற்கணக்குகளில்தான்.

தடுமாற்றத்துக்கு முதல் காரணம், கணக்கின் மொழி. 'எனில்', 'யாது', 'காண்க' ஆகிய மூன்று சொற்களையும் எந்தச் சந்தையிலும் எவரும் பேசிக் கேட்டதில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் 'எனில்' என்ற சொல்லுக்கு வந்து சேர்வதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகிறது. நான் இப்போது, 'ஒரு முழம் பூ 25 ரூபாய். குறைத்து விற்பதில்லை. 4 முழம் வாங்கினால் எவ்வளவு கொடுக்க வேண்டும்?' என்று மூன்று சிறு வாக்கியங்களாக எழுதுகிறேன். அந்த நடு வாக்கியம் பூக்காரப் பெண்மணியிடம் நான் கற்றது.

இரண்டாவது காரணம், நாங்கள் ஆசிரியர்கள் காலங்காலமாகக் கற்றுத்தந்த குறுக்குவழி. 'மொத்தம்' என்று வந்தால் கூட்டு, 'மீதி' என்று வந்தால் கழி என்று நானே எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். 'கடைக்குப் போன செல்வி 70 ரூபாய் செலவழித்தாள். மீதி 30 ரூபாய் இருக்கிறது. முதலில் அவளிடம் எவ்வளவு இருந்தது?' என்று கேட்டபோது, அந்தக் குறுக்குவழியை நன்றாகப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் 40 என்றார்கள். அதைக் கேட்காமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த மூதாட்டி மட்டும் நூறு என்றார்.

அனுபவ அறிவு இருக்கும்போது ஏட்டுக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மானுடவியலாளர் ஜீன் லேவ் கலிஃபோர்னியாவில் நடத்திய ஆய்வில், கடையில் பொருள் வாங்கும்போது 98 விழுக்காடு சரியாகக் கணக்கிட்ட அதே மனிதர்கள், தாளில் தந்த கணக்குகளில் 59 விழுக்காடு மட்டுமே சரியாகச் செய்தனர். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களை அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஆராய்ந்து 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவுகளும் இதையொத்தவை. சந்தைக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் திணறினர். பள்ளிக் கணக்கில் தேர்ந்தவர்கள் சந்தைக் கணக்கில் திணறினர். ஓரிடத்தில் இருக்கும் அறிவு தானாக இன்னோர் இடத்துக்கு நடந்து போவதில்லை. நடத்திச் செல்ல ஒருவர் வேண்டும்.

அப்படி நடத்திச் செல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தண்டல் கணக்கில் கண்டேன். பத்தாயிரம் ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு இது பழக்கமான கடன். வட்டி எவ்வளவு என்றேன். 'நூற்றுக்குப் பதினைந்து' என்றார்கள். வங்கி வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் என்பது அவர்கள் எண்ணம்.

அதையே சொற்கணக்காக எழுதினோம். ஐம்பதாம் நாளில் எவ்வளவு கட்டியிருப்பீர்கள்? 5,000. அப்படியானால் அவருடைய பணம் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது? 3,500. அவர் தந்த 8,500 முழுவதும் எந்த நாளில் அவரிடம் திரும்பிவிடும்? இந்தக் கேள்விக்கு வகுப்பு வெகுநேரம் அமைதியாக இருந்தது. பிறகு கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் ஒருவர் சொன்னார்: "எம்பத்தஞ்சாம் நாள். மிச்சம் பதினஞ்சு நாளும் சும்மாவே கட்டுறோம்." ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே போகும் அசலுக்கு ஈடாக இந்த வட்டியை ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது 100 விழுக்காட்டைத் தாண்டும் என்று நான் சொன்னதைவிட, அந்தப் பதினைந்து நாள்தான் அவர்களைத் தைத்தது.

இது சந்தையில் தானாகப் பழகிவிடும் கணக்கு அன்று. கண்ணுக்குத் தெரியும் பொருள் எதுவும் இதில் இல்லை. காலம், அசல், பிடித்தம் எல்லாவற்றையும் சொற்களில் நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டால்தான் பிடிபடும். எண்ணறிவுப் பாடம் அவர்களுக்குத் தரவேண்டியது இதைத்தான். மாம்பழங்களையும் பலூன்களையும் பங்கிடும் குழந்தைக் கணக்குகளை அவர்கள் முன் வைப்பது, வெளிப்படையாகச் சொன்னால், அவமதிப்பு. கூலிச் சீட்டு, மின்கட்டண அட்டை, சுயஉதவிக் குழுவின் கடன் அட்டை, நகைக்கடன் ரசீது ஆகியவற்றிலிருந்து கணக்குகள் வரட்டும். கணக்கைக் கற்பவரே எழுதும் பயிற்சி பாடநூலில் இடம்பெறட்டும். தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருவோர், தவறான விடையைத் திருத்துவதற்கு முன், 'எப்படி வந்தது?' என்று கேட்கப் பழக்கட்டும்.

பூக்காரப் பெண்மணி தண்டல் வாங்குவதை விட்டுவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. விடியுமுன் மொத்தச் சந்தையில் பூ எடுக்கக் கையில் பணம் வேண்டும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் வங்கி இல்லை. சென்ற மாதம் அவர் எண்பத்தைந்து நாள் கணக்கைத் தண்டல்காரரிடமே சொல்லிக் காட்டியிருக்கிறார். இந்த முறை பிடித்தம் 1,200 ரூபாய்.