ரிசல்ட் வரும் வரை ஒரு அக்கா!

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். ``ரெண்டு மாசம் சும்மாவா இருக்கப்போற?'' டைப்ரைட்டிங், டிரைவிங், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பிள்ளையின் கண் மட்டும் செல்போனிலேயே இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம், தெருவில் இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு அக்காவாகவோ அண்ணனாகவோ இருப்பது.

திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியையே எடுத்துக்கொள்வோம். பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றை ஒட்டி இருக்கும் ஊர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை, செங்கல் சூளை வேலை என்று ஓடும் வட்டாரம் இது. சூளை வேலைக்காக ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருபவர்களும் உண்டு. கோடை விடுமுறையில் இந்த வீடுகளில் பிள்ளைகளை உட்காரவைத்துப் படிக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? மார்ச்சில் எழுத்துக்கூட்டிப் படித்த குழந்தை, ஜூனில் மறுபடி தடுமாறுகிறது.

``எங்க பொண்ணே சின்னப் பொண்ணு, அவ என்னத்த சொல்லிக் கொடுப்பா?'' என்று அம்மாக்கள் கேட்கலாம். கொரோனாவால் மூடிய பள்ளிகள் திறக்கவிருந்த நேரத்தில், 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு `இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ முடித்திருந்தாலே போதும் என்றார்கள். சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் வரை, வீட்டுத் திண்ணையிலும் பொது இடங்களிலும் வகுப்புகள் நடந்தன. தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், பள்ளி திறந்த ஆறு மாதங்களில் குழந்தைகள் மீட்டெடுத்த படிப்பில் ஏறக்குறைய கால் பங்கு இந்த வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள்.

வயது குறைவாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு. டீச்சரிடம் `தெரியாது' என்று சொல்லக் கூச்சப்படும் குழந்தை, பக்கத்து வீட்டு அக்காவிடம் தயங்காமல் சொல்லிவிடும்.

மேற்கு வங்கத்தின் பாபர் அலி, 2002-ல் தன் வீட்டுக் கொல்லையில் கொய்யா மரத்தடியில் எட்டுப் பேருக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தபோது அவருக்கு ஒன்பது வயது. பகலில் பள்ளிக்கூடம் போனார். திரும்பி வந்து, அன்று தான் படித்ததைச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு 16 வயதானபோது, அங்கே சுமார் 800 பிள்ளைகள் படித்தார்கள். அவர் தினமும் பள்ளி விட்டு வந்ததும் பாடம் எடுத்தார் என்பதுதான் இதில் முக்கியமான விஷயம்.

ஏனென்றால், நம் பிள்ளைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். முதல் நாள் ஒரே கும்மாளமாக இருக்கும். நாலாவது நாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். `யாருமே வரலையே' என்று அக்காவுக்குச் சலிப்பு வரும். அடுத்து ரிசல்ட் டென்ஷன், காலேஜ் அப்ளிகேஷன். ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடுவாள். ஸ்லேட்டோடு வந்த ஒரு குழந்தை மட்டும் மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். `நான் சரியா படிக்கல, அதான் அக்கா வரல' என்று அது நினைத்துக்கொண்டால், யார் போய்ச் சொல்வது?

ஆரம்பிக்கும் முன் இவற்றை யோசித்துக்கொள்ளுங்கள்:

* ஐந்தாறு குழந்தைகள் போதும். பெற்றோரிடம் கேட்டுவிட்டு, எல்லோர் கண்ணிலும் படும் திண்ணையில் உட்காருங்கள்.

* பாடப் புத்தகத்தை உடனே திறக்க வேண்டாம். கதை, பல்லாங்குழி, கடைக் கணக்கு என்று தொடங்கலாம்.

* தமிழ் தெரியாத குழந்தை வந்தால், படம் வரையச் சொல்லுங்கள். அதன் மொழியில் நான்கு வார்த்தை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள்.

* செல்போனும் உதவும். 2022 ஜூன் 1 முதல் 12 வரை இல்லம் தேடிக் கல்வி மையங்களில் நடந்த வாசிப்பு மாரத்தானில், குழந்தை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் `ரீட் அலாங்' செயலியைத்தான் பயன்படுத்தினார்கள்.

* எந்தத் தேதி வரை வருவீர்கள் என்பதை முதல் நாளே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதி வரை ஒருவர் வந்தாலும் உட்காருங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். திண்ணையில் ஒரு குடம் தண்ணீரும் நாலு டம்ளரும் வைத்துவிடுங்கள். கோடையில் குழந்தைகளுக்குத் தாகம் எடுக்கும்.