பழைய ஸ்போர்ட்ஸ் காரில் 'டொக்' சத்தமா? ஷாக் அப்ஸார்பரைக் குறை சொல்லும் முன் இந்த ரப்பரைப் பாருங்கள்!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது காரின் பின்பக்கம் 'டொக்' என்று இடிக்கிறதா? தனியாக ஓட்டினால் சத்தமே இல்லை, பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்தாலோ டிக்கியில் லக்கேஜ் ஏற்றினாலோ மட்டும் இடிக்கிறதா? உடனே எல்லோரும் சந்தேகப்படுவது ஷாக் அப்ஸார்பரை. ஆனால், அதற்குள் ஒளிந்திருக்கும் கையளவு பொருள் ஒன்று பல வருடங்களுக்கு முன்பே தூள்தூளாகியிருக்கலாம். அதன் பெயர் பம்ப் ஸ்டாப். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் 'பம்ப் ஸ்டாப்பர்' என்பார்கள்.

சாதாரண காரில் இது தேய்ந்தால் சத்தமும் அலுப்பும்தான் முதலில் தெரியும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இது தேய்ந்தால், வளைவில் கார் சுழன்றே போகலாம். எப்படி என்று ஒரு புகழ்பெற்ற காரை வைத்தே பார்த்துவிடலாம்.

மாஸ்டா என்றால் நமக்கு ஸ்வராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகம் வரும். ஆனால், அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் கார் பிரியர்களுக்கு எம்எக்ஸ்-5 ஞாபகம் வரும். 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான இரண்டு சீட் ஓப்பன் கார். அமெரிக்காவில் இதன் பெயர் மியாட்டா. தேவைப்படும்போது மட்டும் தலைதூக்கும் ஹெட்லைட், 1.6 லிட்டர் இன்ஜின், பின்சக்கர டிரைவ், ஒரு டன்னுக்கும் குறைவான எடை. குதிரையும் வீரனும் ஓருடல் என்ற பொருள் தரும் 'ஜின்பா இட்டாய்' என்ற ஜப்பானியச் சொல்தான் இதை உருவாக்கியவர்களின் தாரக மந்திரம். 2016-ல் எம்எக்ஸ்-5 கார்களின் மொத்த உற்பத்தி 10 லட்சத்தைத் தொட்டது. முதல் தலைமுறை கார்களின் உற்பத்தி 1997-ல் நின்றுவிட்டது. அவற்றில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு ஏறக்குறைய 30 வயதோ, அதற்கு மேலோ ஆகிறது. அந்த வயதில் முதலில் உதிரும் பாகங்களில் ஒன்று பம்ப் ஸ்டாப்.

இரண்டாவது ஸ்பிரிங்

'ஸ்டாப்' என்ற பெயரைப் பார்த்து, ரொம்பப் பெரிய பள்ளத்தில் விழுந்தால் மட்டும் வேலை செய்யும் தடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாக நிற்கும். சக்கரம் மேலே ஏறி இறங்க அதில் இடம் குறைவு. அதனால், கொஞ்சம் வேகமாக வளைந்தாலே ஷாக் அப்ஸார்பர் பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுவிடும். எம்எக்ஸ்-5 காரில் இது ஏறக்குறைய இரண்டாவது ஸ்பிரிங் மாதிரி.

பார்க்க ரப்பர் மாதிரி இருந்தாலும், பெரும்பாலும் இது நுண்ணிய காற்றறைகள் நிறைந்த பாலியூரித்தேன் நுரை. முதலில் மெத்தென்று அமுங்கும். அமுங்க அமுங்கக் கெட்டியாகும். சக்கரம் மேலே வரும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது இந்தக் குணம்தான்.

வெப்பமும் ஈரமும் இதன் எதிரிகள். கார் ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் இதற்கு வயதாகும். டஸ்ட் கவர் கிழிந்துவிட்டால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். கடைசியில், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி தொட்டாலே உதிரும்.

வளைவில் என்ன நடக்கும்?

இடதுபக்கம் வேகமாகத் திரும்புகிறீர்கள். காரின் எடை வலதுபக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. வலது பின்சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்குகிறது. பம்ப் ஸ்டாப் நன்றாக இருந்தால், மென்மையாகத் தாங்கிப் பிடிக்கும். அது இல்லாவிட்டால், இரும்பு இரும்பில் போய் இடிக்கும். அந்த நொடியில் அந்தச் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லை. டயர் மீது பாரம் திடீரென எகிறும், பிடி விட்டுப்போகும், காரின் வால் வெளியே வீசும். பின்சக்கர டிரைவ் காரில், ஆக்ஸிலரேட்டரில் கால் இருக்கும்போது இது நடந்தால், சுதாரிக்க நேரம் கிடைக்காது. மழை நாளில் இன்னும் மோசம்.

நஷ்டம் அதோடு நிற்பதில்லை. ஒவ்வோர் இடியும் ஷாக் அப்ஸார்பரின் உள்பாகங்களையும், அதன் மேல் மவுன்ட்டையும் பதம் பார்க்கும்.

மாற்றுவது எப்படி?

ஸ்பிரிங் பிரிக்கும் அனுபவம் இல்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. ஆனால், அவர் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. பின்பக்கத்தைத் தூக்கும் முன் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். அவை அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டும் பயனில்லை. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வைப்பது கட்டாயம்.

2. ஷாக் அப்ஸார்பரின் மேல் நட்டுகள் டிக்கிக்குள் இருக்கும். கீழே ஒரு போல்ட்டு. அதை வெளியே எடுக்க, கீழ் ஆர்மின் வெளிமுனையில் உள்ள நீளமான போல்ட்டையும் கழற்ற வேண்டிவரலாம். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய கார் என்றால், இந்தப் போல்ட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துரு நீக்கும் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். உள்முனை போல்ட்டுகளைத் தொடவே வேண்டாம். வீல் அலைன்மென்ட் அங்கேதான் இருக்கிறது.

3. ஆபத்தான கட்டம் இதுதான். ஷாக் அப்ஸார்பரைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்கை, ஸ்பிரிங் கம்ப்ரஸரால் இருபுறமும் சமமாக அமுக்கிய பிறகே உச்சி நட்டைக் கழற்ற வேண்டும். காரின் கால்வாசி எடையைத் தாங்கும் ஸ்பிரிங் அது. அவசரப்பட்டு நட்டைக் கழற்றினால் முகத்தை நோக்கிப் பாயும். அதற்கு நேராகக் குனியவே கூடாது.

4. பழைய நுரையின் துகள்களைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, புதிய பம்ப் ஸ்டாப்பையும் டஸ்ட் கவரையும் கம்பியில் மாட்ட வேண்டும். பளபளப்பான அந்தக் கம்பியைக் கட்டிங் பிளேயரால் பிடிக்க விடாதீர்கள். சின்னக் கீறல் போதும், சீல் கிழிந்து ஆயில் கசியும்.

5. திரும்ப மாட்டும்போது, ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கார் தன் எடையில் நிற்கும் நிலையில்தான் இறுதியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கினால், கார் தரைக்கு வந்ததும் புஷ் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஒருபக்கம் மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். இடதும் வலதும் வெவ்வேறு விதமாக அமுங்கினால் கார் ஒரு திருப்பத்தில் ஒழுங்காகவும் மறு திருப்பத்தில் முரண்டும் பிடிக்கும்.

வெட்டினால் வம்பு

காரைத் தாழ்த்த ஆசைப்பட்டு சின்ன ஸ்பிரிங் போடுபவர்கள், இடம் போதவில்லை என்று பம்ப் ஸ்டாப்பைக் கத்தியால் வெட்டுவது உண்டு. பாதி வெட்டினால் மென்மையாக அமுங்கும் பகுதியும் போகலாம், தடுத்து நிறுத்தும் நீளமும் போகும். தாழ்த்தத்தான் வேண்டும் என்றால், அந்த உயரத்துக்கென்றே செய்த பம்ப் ஸ்டாப்பை வாங்குங்கள்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்த வேலைக்கு அப்படியே பொருந்தும். பொருள் மலிவு, கூலிதான் அதிகம். அதனால் பிரித்த கையோடு ஷாக் அப்ஸார்பரில் ஆயில் கசிகிறதா, மேல் மவுன்ட் ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஷாக் அப்ஸார்பரே போயிருந்தால், பம்ப் ஸ்டாப் மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாதவர்களும் ஒரு நிமிடம் ஒதுக்கலாம். உங்கள் வீட்டுக் காரிலும் இந்தப் பாகம் இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங் வண்டியில், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸிஸில் ரப்பர் கட்டையாகத் தெரியும். மற்ற கார்களில் பெரும்பாலும் ஷாக் அப்ஸார்பர் கம்பியிலோ, ஸ்பிரிங்கின் உள்ளேயோ இருக்கும். அடுத்த சர்வீஸில் கார் லிஃப்ட்டில் ஏறும்போது, மொபைல் டார்ச்சை அடித்து, 'பம்ப் ஸ்டாப்பர் முழுசா இருக்காண்ணா?' என்று கேளுங்கள். குடும்பத்தோடு நீண்ட பயணம் கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி அது.