கடைக்கோடி வீட்டுக்கும் 230 வோல்ட்!

தெருவின் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் யூனிட் விலை ஒன்றுதான். ஆனால் வந்து சேரும் மின்சாரம் ஒன்றா? டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்து மாடி வீட்டில் ஏ.சி. ஓடுகிறது. கடைக்கோடியில், ஆலைத் தொழிலாளியின் வீட்டில், விசிறி நகர்கிறது; காற்று வரவில்லை. ஏன் என்று கேட்டால், "வீட்டுக்கு வீடு பிரிட்ஜும் மிக்சியும் வாங்கிவிட்டீர்கள், லோடு தாங்கவில்லை" என்கிறார்கள்.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

சாதாரண பிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். அந்த நொடியில் வோல்டேஜ் சரியும். பக்கத்து வீட்டு விளக்கு மங்கும். எல்.இ.டி. பல்பு, டி.வி., செல்போன் சார்ஜர் செய்வது வேறு வேலை. இவை கரண்டைச் சீராக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கின்றன. இதனால் 50 சைக்கிள் மின்சாரத்தில் 150 சைக்கிள் கலப்படம் சேருகிறது. மூன்று பேஸ்களிலும் லோடு சமமாக இருந்தால், நல்ல கரண்ட் நியூட்ரல் கம்பியில் ஒன்றை ஒன்று கழித்துக்கொள்ளும். கலப்படக் கரண்ட் கழியாது, மூன்றும் கூடும். நியூட்ரல் சுடும். இணைப்பு கருகி அறுந்துவிட்டால் ஒரு வீட்டில் விளக்கு மங்கும். மறு வீட்டில் வோல்டேஜ் 400ஐ நெருங்கி டி.வி. வெந்துபோகும்.

அப்படியானால் குற்றவாளி யார்? விசிறி வாங்கிய உழைப்பாளியா?

2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியை வீடு வீடாக வழங்கியது மாநில சர்க்கார். 2015 முதல் எல்.இ.டி. பல்பைக் கோடிக்கணக்கில் பரப்பியது மத்திய சர்க்கார். அம்மியிலிருந்து பெண்ணின் தோளை விடுவித்த கருவிகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் கருவி வந்த வேகத்தில் கனத்த கம்பியும் புதிய டிரான்ஸ்பார்மரும் தெருவுக்கு வர வேண்டாமா?

உற்பத்தி முதலாளியையும் கேட்போம். கலப்படக் கரண்டை அடக்கும் அமைப்பைக் கருவிக்குள்ளேயே வைக்கலாம். ஐ.இ.சி. 61000-3-2 என்ற சர்வதேசத் தரம் அதற்கு எல்லை வகுத்திருக்கிறது. மட்டச் சரக்கு செய்பவன் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கிறான். லாபம் அவனுக்கு, சூடு நம் தெருக் கம்பிக்கு!

வசதியுள்ளவர் ஸ்டெபிலைசர் வாங்கித் தப்பிக்கப் பார்க்கிறார். ஸ்டெபிலைசர் மின்சாரம் உற்பத்தி செய்யும் யந்திரமா? இல்லை. வோல்டேஜைத் தூக்க அது அதே கம்பியிலிருந்து இன்னும் அதிகக் கரண்டை இழுக்கிறது. வாங்க முடியாதவன் வீட்டில் வோல்டேஜ் மேலும் இறங்குகிறது. தனித்தனியே தப்பிக்கும் வழியின் லட்சணம் இதுதான்!

வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே கூறின. 230 வோல்ட்டுக்கு அது 216க்குக் குறையக் கூடாது. 180க்கு இறங்கினால், 1000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 610 வாட் வேலைதான் செய்யும். இது சலுகைக் கோரிக்கை அல்ல, தோழர்களே. கொடுத்த காசுக்குச் சரியான சரக்கு கேட்கிறோம்.

டிரான்ஸ்பார்மர்களைக் கூட்டு! வீடுகளை மூன்று பேஸ்களுக்கும் சமமாகப் பிரி! நியூட்ரல் இணைப்புகளைச் சோதிக்கக் காலியிடங்களில் ஆள் நியமி! இவையே நம் கோரிக்கைகள். விளக்கு மங்கியதும் கம்பத்தில் ஏறும் ஒயர்மேனை ஏசாதீர்கள். ஆள் பற்றாக்குறையைச் சுமப்பவன் அவன், நம் தோழன்.

கிளைத் தோழர்கள் எலக்ட்ரீஷியன் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு மாலை 7 முதல் 10 வரை முதல் வீட்டிலும் கடைசி வீட்டிலும் வோல்டேஜை அளக்கட்டும். தேதியோடு ஏழு நாள் எழுதட்டும். தெரு முழுவதும் கையெழுத்திட்டு உதவிப் பொறியாளரிடம் கொடுக்கட்டும். ஒற்றை ஆளின் மனுவைத் தூக்கி எறிவது சுலபம். தெருவே திரண்டு நின்றால் பதில் சொல்லித்தான் தீரவேண்டும்!