நகையும் அவலமும்: ‘பர்ஃபி’ தரும் பாடம்

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அது தோன்றும் நிலைக்களன்களுள் எள்ளலோடு பேதைமையையும் மடத்தையும் எண்ணினார். நம் திரைப்படங்களும் இவற்றையே நெடுங்காலம் நகைச்சுவைக்கு முதலாகக் கொண்டன. அறிவியல்பில் வேறுபட்டோர் பிறர் சிரித்தற்கோ இரங்குதற்கோ தோன்றினரேயன்றிக் காதலித்தற்குத் தோன்றுதல் அரிதாயிற்று.

2012ஆம் ஆண்டில் அனுராக் பாசு இயக்கிய ‘பர்ஃபி’ என்னும் இந்திப்படம் இவ்வழக்கினின்று விலகியது. அதன் களம் டார்ஜிலிங். நம் ஊவாவைப் போலத் தேயிலை விளையும் மலைநாடு. நாயகன் கேளாதவன், பேசாதவன். பிரியங்கா சோப்ரா நடித்த ஜில்மில் ஓட்டிசம் உடையவள். அவன் தன் முன்னாட் காதலியோடு மீண்டும் நெருங்கக் கண்டு வருந்தியவள் காணாமற் போகிறாள். இறுதியில் இருவரும் கூடி மணம் புரிகின்றனர்.

மட்டக்களப்பிற் பிறந்த பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’யை (1982) இதனோடு ஒப்பிடுக. விபத்தினாற் குழந்தைநிலை எய்திய பெண், நோய் தீர்ந்ததும் தன்னைக் காத்தவனை மறக்கிறாள். ஆண்டு உடைவது ஆடவன் உள்ளம்; ஆறுவது பெண்ணின் நோய். ‘பர்ஃபி’யிலோ உடைவதும் ஆறுவதும் பெண்ணின் உள்ளமே. அவளது இயல்பு மாறவில்லை, மாறவேண்டுவதும் இல்லை. ஓட்டிசம் ஆற்றவேண்டிய புண்ணன்று என்பதே அப்படத்தின் பேறு.

குறையும் உண்டு. ஓட்டிசம் உடைய ஒருத்தி அப்பாத்திரத்தை ஏற்கவில்லை. அத்தகைய மகளிருள் கற்றுத் தேர்ந்தோரும் தொழில் புரிவோரும் உளர் என்பதையும் படம் காட்டிற்றில்லை.

இலங்கை, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இயலாமையுடையோர் உரிமைகளைக் காக்க முன்வந்தது. 2016இல் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் ஏற்றது. அதன் 23ஆம் உறுப்புரை திருமணமும் குடும்பமும் அவர்க்கும் உரியன என்கிறது. ஆயின் அவ்வுரிமை பதுளையின் மலையேறித் தோட்டத்து லயத்தை எய்திற்றா?

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி. முகம் நோக்கிப் பேசாள். செய்யுளை ஒருமுறை கேட்டால் மறவாள். அவளோடு நாடோறும் பஸ்ஸுக்கு நடந்து வந்த இளைஞன் வேலை தேடிக் கொழும்பு சென்றான். அவள் உண்ணாதிருந்தாள். “அதுக்கு என்னங்க சேர் தெரியும்? பேய்க் கோளாறுதான்,” என்றார் தந்தையார். பூசாரியை அழைத்தனர். அவளிடம் என்ன நேர்ந்தது என்று கேட்டார் ஒருவரும் இலர், யானும் கேட்டிலேன். பண்டிதனாய் அகத்திணை கற்பித்தவன், பிரிவாற்றாமையைக் கண்ணெதிரே கண்டும் அறியாதிருந்தேன்.

காதலும் பிரிவும் அவர்க்கும் உள என்று ஒப்புவதே ஆற்றுதலின் முதற்படி. பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சிந்திப்பாராக.