திறமை இல்லையா, தெரு சரியில்லையா?

வேலை கிடைக்காத பட்டதாரியைப் பார்த்து எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "ஸ்கில் இல்லை, இங்கிலீஷ் வரவில்லை." நெல்லையில் பி.இ.யும் பி.எஸ்சி.யும் முடித்து நிற்கும் தலித் இளைஞர்களுக்கு இதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திறமையை அளப்பதற்கு முன்பு எதை அளக்கிறார்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோரின் ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை, பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஆதிக்கச் சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே யாரும் வாய் திறந்து இங்கிலீஷ் பேசவே இல்லை. பெயரைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்கள்.

நம் ஊரில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. அதனால் என்ன? "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? அப்பா என்ன செய்கிறார்?" மூன்று கேள்வி போதும். பள்ளிக்கூடத்தில் கலர் கயிறு செய்த வேலையை நேர்காணலில் இந்தக் கேள்விகள் செய்கின்றன.

தமிழக அரசுப் பணியில் பட்டியலினத்தவருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. தனியாரில் எதுவும் இல்லை. ஆனால் தனியார் ஆலை முதலாளியின் காசில் மட்டுமா நிற்கிறது? கங்கைகொண்டான் சிப்காட் அரசு உருவாக்கிய தொழிற்பேட்டை. அங்கே போவது தாமிரபரணித் தண்ணீர். 2025 பிப்ரவரியில் முதல்வர் திறந்துவைத்த டாடா சோலார் ஆலையும் அங்கேதான் இருக்கிறது. நிலமும் நீரும் பொதுச்சொத்து என்றால், யாருக்கு வேலை கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் எப்படிக் கம்பெனி ரகசியமாகும்?

இதே ஆற்றில்தான் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன மக்களைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 உயிர்கள் போயின. அன்று கேட்டது கூலி. இன்று கேட்பது படிப்புக்கேற்ற வேலை.

வேலை கிடைத்தால் சாதி போய்விடும் என்ற மயக்கம் நமக்கு இல்லை. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட தலித் இளைஞர் ஒரு மென்பொருள் பொறியாளர். சம்பளம் அரிவாளைத் தடுக்கவில்லை. ஆனாலும் ஆதிக்கச் சாதியின் வயலிலும் வாசலிலும் கைகட்டி நிற்காமல் வாழ நமக்கு வேலை வேண்டும்.

தனியார் துறையில் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் வேண்டும். அதற்கு முன்பே, சிப்காட் ஆலைகள் தங்கள் ஊழியர் கணக்கைச் சமூகப் பிரிவு வாரியாக, நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை என்று பிரித்து வெளியிட வேண்டும். கல்லூரிகளும் வளாக நேர்காணலுக்கு வந்தவர்கள், தேர்வானவர்கள் கணக்கை அப்படியே வெளியிட வேண்டும்.

தோழர்களே, சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிப்காட்டும் அரசுக் கல்லூரிகளும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. பத்து ரூபாய் மனுவுக்கு 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆளுக்கொரு மனு போடுவோம். திறமை இல்லை என்பவர்கள் முதலில் கணக்கைக் காட்டட்டும்.