லிஃப்டுக்கு இடம் இருக்கு... ஃபைபர் கேபிளுக்கு? அலுவலகக் கட்டடங்கள் மறக்கும் கணக்கு

புது அலுவலகக் கட்டடத்தின் வரைபடத்தில் லிஃப்ட், ஜெனரேட்டர், பார்க்கிங் என எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். இன்டர்நெட் கேபிள் எந்த வழியாக உள்ளே வரும், எப்படி மாடி ஏறும் என்ற கேள்வி மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' பட்டியலுக்குப் போய்விடுகிறது. அந்த 'அப்புறம்' வரும்போது சுவரைத் துளைக்க வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்க வேண்டும். செலவு வாடகைக்கு வந்தவர் தலையில்!

ஃபைபர் எதற்கு?

அலுவலகங்களில் போடும் காப்பர் நெட்வொர்க் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதனால் மாடிக்கு ஒரு சின்ன நெட்வொர்க் அறை வைத்து, அந்த அறைகளைக் கீழ்த்தளத்துடன் ஃபைபரால் இணைப்பதுதான் சரியான முறை.

ஃபைபரில் இரண்டு வகை உண்டு. மல்டிமோடில் ஓஎம்3 ரகம் நொடிக்கு 10 கிகாபிட் வேகத்தை 300 மீட்டர் வரை கொண்டுபோகும். சிங்கிள்மோட் கிலோமீட்டர் கணக்கில் போகும். நாளைக்கு வேகம் கூட்ட நினைத்தால் இரு முனைகளிலும் உள்ள கருவிகளை மாற்றினால் பெரும்பாலும் போதும். புதுக் கட்டடத்துக்கு சிங்கிள்மோடே புத்திசாலித்தனம்.

காலி பைப் வேண்டும்

'யார் வாடகைக்கு வருவாங்கன்னே தெரியாது, இப்பவே எதுக்குச் செலவு?' என்பது கட்டுபவர்களின் வாதம். யார் வருவார்கள் என்று தெரியாததால்தான் காலி பைப்பும் தனி ஷாஃப்டும் தேவை. கேபிளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கான்கிரீட்டில் வழியை அப்புறம் உருவாக்குவதுதான் கஷ்டம்.

கேபிள் நுழையும் வழியும் இரண்டு இருக்க வேண்டும், அதுவும் வெவ்வேறு பக்கத்தில். இரண்டு கம்பெனி கனெக்‌ஷன் வாங்கினாலும், இரண்டும் ஒரே குழாயில் வந்தால் தெருவில் தோண்டும் ஒரு ஜேசிபி போதும், மொத்த ஆபீஸும் ஆஃப்லைன். மாடிகளுக்கு நடுவே கேபிள் போகும் துளைகளைத் தீத்தடுப்புப் பொருளால் அடைப்பதும் கட்டாயம். இல்லாவிட்டால் தீ விபத்தில் புகை மேலே ஏற அதுவே பாதையாகிவிடும்.

ஒரே கம்பெனிதானா?

இன்னொரு சிக்கல், கட்டட உரிமையாளர் ஒரே நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி கொடுப்பது. அங்கே வாடகைதாரருக்குப் பேரம் பேசும் வாய்ப்பே போய்விடுகிறது. டிராய் 2024 அக்டோபரில், டிஜிட்டல் இணைப்பு வசதியை வைத்துக் கட்டடங்களுக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால், வாடகைக்கு வருபவர்கள் கேட்டால்தானே உரிமையாளர்கள் நட்சத்திரம் தேடுவார்கள்?

எனவே, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகள்: கேபிள் வர எத்தனை வழி? காலி பைப் இருக்கா? எந்த கம்பெனியையும் உள்ளே விடுவீங்களா? பதில் இழுத்தால், வாடகையைக் குறைத்துக் கேட்க அதுவே போதுமான காரணம்.