கண்ணும் கையும் படித்த படிப்பு

(இரண்டாம் ஆண்டு ஜவுளித் தொழில்நுட்ப மாணவி)

ஓவியர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நாம் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறோம். "அதெல்லாம் பிறவியிலேயே வரணும்ப்பா!" கணக்குப் போடாமல், மனசு சொன்னபடி நிறத்துக்குப் பக்கத்தில் நிறம் வைக்கிறார்களே, அதைக் கடவுள் கொடுத்த வரம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உள்ளுணர்வு என்பது கண்ணும் கையும் வருஷக் கணக்கில் படித்த படிப்பு. இதுவே என் தாழ்மையான கருத்து.

உதாரணத்துக்கு, பிரான்ஸ் நாட்டு ஓவியர் ஹென்றி மத்தீஸை (1869-1954) எடுத்துக்கொள்வோம். நிறத்தைத் தேர்ந்தெடுக்க விஞ்ஞானக் கொள்கை எதையும் நம்பியிருக்கவில்லை, பார்வையும் உணர்வும் அனுபவமும்தான் வழி என்று 1908-ல் அவரே எழுதினார். சரி, அந்த உணர்வு எங்கிருந்து வந்தது?

அவர் வளர்ந்த பொஹேன் ஒரு நெசவு ஊர். பாரிஸுக்கு உயர்ந்த பட்டுத்துணி நெய்து அனுப்பிய ஊர். அப்பா தானிய வியாபாரி. அதே கடையில் அம்மா, வீட்டுக்கு அடிக்கும் பெயிண்ட் கலந்து கொடுத்தார். சட்டம் படித்து வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த மகன் 20 வயது வாக்கில் நோயில் படுத்தபோது, பொழுது போகட்டும் என்று வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்ததும் அந்த அம்மாதான். கை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. கண் சின்ன வயசிலேயே ஆரம்பித்துவிட்டது!

அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். 1908-ல் ஒரு சாப்பாட்டு அறையை நீலமாகத் தீட்டினார். மனசு ஒப்பவில்லை. முழுவதையும் சிவப்பாக்கினார். அதில் மேஜை விரிப்பிலிருந்து சுவர் வரை ஏறிப் படரும் பூவேலை, அவர் வாங்கி வைத்திருந்த ஒரு துணியின் டிசைன். 1911-ல் வரைந்த 'சிவப்பு ஸ்டூடியோ'வில் முதலில் சுவர் நீலம், தரை ரோஸ், சாமான்கள் மஞ்சள் காவி. பிறகுதான் சிவப்பு வந்தது. அதில் நாற்காலியின் கோடு மேலே வரைந்த கோடு அல்ல. சிவப்பு பூசாமல் விட்ட இடுக்கில் அடி வண்ணம் எட்டிப் பார்க்கிறது, அதுவே கோடு! 1941-ல் வயிற்றில் பெரிய ஆபரேஷன். அதற்குப் பிறகு வண்ணம் பூசிய காகிதத்தைக் கத்தரித்து, சுவரில் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். கணக்கு இல்லைதான். ஆனால் எத்தனை திருத்தம், எத்தனை பொறுமை!

இதை ஏன் எழுதுகிறேன்? என் அப்பா கைத்தறி நெசவாளி. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் நீலப் பாவில் எந்தப் பச்சையை ஊடையாக ஓட்டினால் மயில்கழுத்து மின்னும் என்பது அவருக்குத் தெரியும். நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது பார்டருக்கு எடுபடாது கண்ணு, அடங்கிப் போயிரும்" என்பார். நெய்து பார்த்தால் அப்படியே இருக்கும். ஊரில் இதைக் கைராசி என்கிறார்கள். கைராசிக்குக் கூலி உண்டா? கிடையாது. சேலைக்கு இத்தனை என்றுதான் கூலி. வரம் என்று சொல்லிவிட்டால் விலை கொடுக்க வேண்டாம் பாருங்கள்! அதனால்தான் அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

நாம் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் பற்றிப் படிக்கிறோம். அருமையான கருவி. சாயம் ஏற்றிய துணி, மாதிரித் துணியோடு ஒத்துப்போகிறதா என்று எண்ணில் சொல்லிவிடும். ஆனால் எந்த நிறம் எதன் பக்கத்தில் உட்கார்ந்தால் எடுப்பாக இருக்கும் என்று அது சொல்லாது. அதற்குப் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.

"அப்படியானால் பெயிண்ட் கடைக்காரர் பிள்ளை எல்லாம் மத்தீஸ் ஆகிவிடுமா?" என்று நண்பர்கள் மடக்கலாம். ஆகாதுதான். திறமை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் பழகாத கண்ணில் எந்தத் திறமையும் வெளியே வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். டிசைன் வகுப்புக்கு வருஷத்தில் சில நாளாவது ஒரு நெசவாளியை, ஒரு சாயப்பட்டறைத் தொழிலாளியை அழைப்போம். வேடிக்கை காட்ட அல்ல, பாடம் நடத்த! உரிய சம்பளமும் கொடுப்போம். புத்தகத்தில் ஏறாத படிப்பும் படிப்புதான் என்பதைப் படிக்க வந்த நாம் சொல்லாவிட்டால், வேறு யார் சொல்வார்கள்? சிந்திப்போம்!